பொட்டு வைத்த பத்திரம்

காபி விற்றுப் பிழைக்கிறவன் தேயிலைக் கம்பெனியில் பங்கு வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் கும்பகோணத்தில் எவனாவது என் கடைப்படி ஏறுவானா? அதனால்தான் ஏழு வருஷமாக அந்த விஷயத்தை என் மனைவி வள்ளியம்மைக்கும் பூஜை மாடத்துச் சாமிகளுக்கும் தவிர வேறு யார் காதிலும் நான் போடவில்லை.

அந்தப் பங்குகளை என் தலையில் கட்டியவர் கண்டியில் பங்குத் தரகு செய்யும் சின்னத்தம்பி. யாழ்ப்பாணத்துக்காரர். கோயில் கோயிலாகக் கும்பிட வந்தவர் என் காபி கிளப்பில் நுழைந்து ஒரு தம்ளர் குடித்தார், இன்னொன்று கேட்டார், மூன்றாவது முடிவதற்குள் இருநூறு பங்குகளுக்கு என்னைச் சம்மதிக்க வைத்துவிட்டார். பங்கு ஒன்று பத்து ரூபாய். பணம் அனுப்பிய அன்று அவரைத் திட்டினேன். வருஷா வருஷம் லாபத்தில் என் பங்கு மணியார்டராக வந்தபோது வாயார வாழ்த்தினேன்.

இப்போது என் கடை இருக்கும் கட்டிடத்தை அதன் சொந்தக்காரர் மூவாயிரத்துக்கு விற்கப்போகிறார். எதிர்த்த ஜவுளிக்கடைக்காரர் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு நிற்கிறார். "பதினெட்டு வருஷம் இருந்தவர், உங்களுக்குத்தான் முதல் உரிமை. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் கொண்டுவந்தால் சரி" என்றார் சொந்தக்காரர். ஆடியில் யாரும் கிரயம் எழுதமாட்டார்கள். அந்த ஆடிதான் எனக்குக் கிடைத்த தவணை. இருநூறு பங்கும் தலைக்குப் பதினைந்து ரூபாய்க்குப் போனால் கட்டிடம் என்னுடையது. போகாவிட்டால் அடுப்பைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் நிற்கவேண்டியதுதான்.

கடையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். உள்ளே எட்டு பெஞ்சு. பின்பக்கம் ஒரு ஜன்னல். ஊர் யாரை உள்ளே விடாதோ அவர்களுக்கு அந்த ஜன்னல் வழியாகத் தனித் தம்ளரில் காபி. சந்தில் நின்றபடி குடித்துவிட்டுப் போவார்கள். விறகு கொண்டுவரும் வீரன் பதினெட்டு வருஷமாக அங்கேதான் நிற்கிறான். கேட்டால் "கட்டிடக்காரர் போட்ட நிபந்தனை" என்று சொல்லிவிடுவேன். நானாக எதிர்த்துக் கேட்டதும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை கண்டியில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. ஆடி மாதத்தில் இப்படி ஒரு குளிரா! எங்கள் ஊரில் ஆடிக் காற்றுக்கு அம்மி பறக்கும். இங்கே அம்மி நடுங்கும் போலிருக்கிறது. ஏரி, ஏரியைச் சுற்றி மலை, மலையைச் சுற்றி மேகம். அழகுதான். ஆனால் நான் தேடியது காபி.

ஒரு சைவக் கடையில் இடியாப்பமும் சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பும் தேங்காய்ச் சம்பலும் போட்டார்கள். வெறும் தேங்காயை மிளகாயோடு இடித்து இத்தனை ருசியா என்று மூன்று தட்டுக்குக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு "கோப்பி" என்று ஒன்று வந்தது. ஒரு வாய் குடித்தேன். கொத்தமல்லி! காபியில் கொத்தமல்லியைப் போட்டுக் கொதிக்க வைத்திருக்கிறான் பாவி.

"இது காபியா, ஜுரத்துக்குக் கஷாயமா?" என்றேன்.

"குளிருக்கு நல்லதுங்க. ரெண்டுக்குமே ஆகும்" என்றார் கடைக்காரர், கோபமே இல்லாமல்.

சின்னத்தம்பியின் அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. இரண்டு கதிரை, ஒரு மேசை, சுவர் முழுக்கத் தோட்டக் கம்பெனிகளின் பெயர்ப் பட்டியல். கதிரை என்றால் அங்கே நாற்காலி. என்னைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்கோ, வாங்கோ! உங்கடை காப்பியை நினைச்சு நினைச்சு நான் இளைச்சுப் போனன்" என்றார். தொந்தி முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குத் தரகர்கள் கூடுவார்கள், அங்கே விற்றுவிடலாம், அதற்கடுத்த வாரம் புத்தர் கோயில் பெரஹெரா ஊர்வலம், ஊரே தெருவில் நிற்கும், யாரும் கூடமாட்டார்கள் என்றார். ஆக, விட்டால் ஆவணி தாண்டிவிடும். "பத்திரத்தை எடுங்கோ பாப்பம்."

பட்டுத்துணியைப் பிரித்துப் பத்திரத்தை மேசைமேல் வைத்தேன். சின்னத்தம்பி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்ன இது?"

"ஏன், உங்க கம்பெனிப் பத்திரந்தான்."

"அது விளங்குது. இதுக்குமேலை என்ன?"

அதிலென்ன கேள்வி? வருஷம் தவறாமல் ஆயுத பூஜைக்குக் கல்லாப்பெட்டி, தராசு, காபிப்பொடி அரைக்கிற எந்திரம் எல்லாவற்றோடும் பத்திரத்தையும் வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் இட்டு, நடுவில் ஒரு பெரிய பொட்டும் வைப்போம். ஏழு வருஷத்துப் பொட்டு. போன வருஷம் வள்ளியம்மைக்குக் கொஞ்சம் பக்தி கூடுதல். எண் இருந்த இடம், என் பெயர் இருந்த இடம், கம்பெனி முத்திரை எல்லாம் அம்மன் நெற்றி மாதிரி இருந்தன.

"இதைக் கொழும்பிலையும் ஒருத்தரும் வாங்காயினம், கண்டியிலையும் ஒருத்தரும் வாங்காயினம்" என்றார் சின்னத்தம்பி. "பாருங்கோ, வாங்கிறவருக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கு அவரைத் தெரியாது. நாளைக்கு அவர் இன்னொருத்தருக்கு விப்பார். ஆளைப் பாத்து ஆரும் பங்கு வாங்கிறேல்லை, கடதாசியைப் பாத்துத்தான் வாங்கிறது. நம்பர் தெரியாட்டில் அது வெறுங் கடதாசி. விக்கிற சாமானுக்கு ஆரேன் பொட்டு வைப்பினமோ?"

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு லட்சுமியாக வந்த பத்திரத்தை வெறும் நெற்றியோடு வைத்திருக்கச் சொல்கிறாரா? வாய்வரை வந்ததை மென்று விழுங்கினேன். காரியம் ஆகவேண்டியவன் நான்தானே.

தங்கியிருந்த அறைக்கு வந்து யோசித்தேன். கறைதானே, கழுவினால் போகாதா? சவுக்காரக் கட்டியை நனைத்து ஒரு மூலையில் மெல்லத் தேய்த்தேன். மஞ்சள் சிவந்தது. இன்னும் தேய்த்தேன். ரத்தமாகச் சிவந்தது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். சவுக்காரமும் அதே வேலையைச் செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. மூவாயிரம் ரூபாய்ப் பத்திரம் கல்யாண வாசலில் கொட்டப்போகிற ஆரத்தித் தட்டாகிவிட்டது. ஜன்னலோரம் காயவைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

புதன்கிழமை சின்னத்தம்பி சொன்னபடி கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். தலைமைக் குமாஸ்தா சவரிமுத்து, கண்டியிலேயே மஹய்யாவவில் பிறந்து வளர்ந்தவர். சட்டைக்குள் சிலுவை தெரிந்தது. பத்திரத்தைக் கையில் வாங்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"சவுக்காரம் போட்டீங்களா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எல்லாரும் போடுறதுதாங்க" என்று சொல்லி எழுந்து ஓர் அலுமாரியைத் திறந்தார்.

உள்ளே கட்டுக் கட்டாகப் பழைய பத்திரங்கள். சந்தனம் பூசியது ஒன்று. விபூதிப் பட்டை அடித்தது ஒன்று. நடுவில் துளை போட்டு மஞ்சள் கயிறு கோத்தது ஒன்று. அடித்தட்டில் கல்லாப்பெட்டி மூடி ஒன்று இருந்தது. "இவரு மூடிக்கு உள்பக்கம் பசை போட்டு ஒட்டிட்டாரு. வெள்ளிக்கிழமையானா கற்பூரம் காட்ட வசதியா இருக்குமாம். விக்கிற அன்னிக்கு மூடியைக் கழட்டித் தலையில வச்சிக்கிட்டு வந்தாரு" என்றார் சவரிமுத்து. நான் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். மனசும் லேசாயிற்று. உலகத்தில் நான் ஒருவன் மட்டும் அசடு இல்லை.

வழி இருந்தது. பத்திரம் கொடுக்கும்போது அதன் அடிக்கட்டை கம்பெனிப் புத்தகத்திலேயே தங்கிவிடும். அதில் எண்ணும் பெயரும் என் கையெழுத்தும் இருந்தன. எதிரில் உட்காரவைத்து மூன்றுமுறை கையெழுத்துப் போடச்சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தார் சவரிமுத்து. பழையதை ரத்துச் செய்து புதுப் பத்திரம் எழுதி முத்திரையும் குத்தினார். ஆனால் காரியதரிசி துரை கையெழுத்து வேண்டும். துரை கலஹா தோட்டத்தில் இருக்கிறார். திங்கட்கிழமைதான் டவுனுக்கு வருவார்.

"திங்கட்கிழமை வந்து என்ன செய்ய? வெள்ளிக்கிழமை விக்கணும்!"

"அப்ப நாளைக்கு நீங்களே கொண்டுபோயிருங்க. கடிதம் தாறேன். பழசையும் துரை பார்க்கணும்பாரு, ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க. இதைமட்டும் நனைச்சிராதீங்க, சாமி!"

வியாழக்கிழமை கலஹா பஸ். நம் ஊர் பஸ் நேரம் ஆனால் கிளம்பும். இது ஆள் நிறைந்தால்தான் கிளம்பியது. நிறைந்த பிறகும் நிறைத்தார்கள். என் மடியில் யாருடையதோ பலாப்பழம். பக்கத்தில் தொப்பி வைத்த ஒரு பெரியவர், காசிம் நானா என்று நடத்துநர் கூப்பிட்டார். நானா என்றால் அவர்களுக்கு அண்ணன். திகனப் பக்கம் கொக்கோ வியாபாரமாம். மேலே ஒரு வளைவில் பஸ் சேற்றில் வழுக்கிக் கால்வாயில் சக்கரத்தை இறக்கிவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நான் ஒரு கையால் தள்ளினேன். மறு கையில் குடை, இடுப்பில் பத்திரம் வைத்த உறை.

"இடுப்பில என்ன, தங்கமா?" என்றார் நானா.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்கு இருக்கிற அடக்கம்கூட எனக்கு இல்லை. சேற்றில் நின்றபடியே கட்டிடம், ஜவுளிக்கடைக்காரர், பொட்டு, சவுக்காரம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பொட்டுக் கதைக்கு நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப எவ்வளவு கிடைச்சா கட்டடம் உங்களுக்கு?" என்றார். "பதினைந்து போதுங்க. பதினைந்து வந்தா கைகூப்பி வாங்கிக்குவேன்" என்றேன். நானா தலையை ஆட்டிக்கொண்டார். பஸ் மேலே ஏறியது.

கலஹாவில் மழை பிடித்துக்கொண்டது. தேயிலைச் சரிவில் பெண்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். பேச்சு காதில் விழுந்தது. அச்சு அசலாக நம் தெற்கத்திப் பேச்சு. கடல் தாண்டி வந்து நம் ஊர் வயலில் நிற்கிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் எனக்கு வந்த மணியார்டர் இந்தக் கைகள் கிள்ளியது என்று அப்போதுதான் உறைத்தது.

துரை அலுவலகத்துக்கு முன்னால் ஒரு முற்றம். கூலிகளை மேற்பார்க்கும் கங்காணி கறுப்பையா ஓடிவந்தார். "ஐயா, கொடைய மடக்கிருங்க. தொரைக்கு முன்னால கொடை பிடிக்கப்படாது."

"அப்ப உள்ளே போகலாமா?"

"உள்ள போகப்படாதுங்க. இங்கதான் நிக்கணும். தொரை வந்து கேப்பாரு."

மழை கொட்டுகிறது. கூரைக்குள் ஏறக்கூடாது, குடையும் கூடாது. என் தலை நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். இடுப்பில் இருக்கும் புதுப் பத்திரம் நனைந்தால்? நான் குடையை மடக்கவில்லை. துரை வாசலுக்கு வந்தார். சிவந்த மூஞ்சி, வெள்ளை மீசை. தமிழ் பேசினார், கூலிகளை ஏவியே கற்ற தமிழ்.

"யார் நீ? குடை மடக்கு!"

நீயாம்! என் கடையில் கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தார்கூட என்னை நீங்க என்றுதான் சொல்வார். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அதே நேரம் கட்டிடமும் ஜவுளிக்கடைக்காரர் சிரிப்பும் கண்முன் வந்தன. இவர் முறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டால் எல்லாம் போச்சு. ஆனது ஆகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"குடையை மடக்கினால் உங்க கம்பெனிப் பத்திரம் நனையும். நான் இந்தக் கம்பெனியில் இருநூறு பங்குக்காரன். வாங்க, உட்காருங்க என்று சொன்னீங்கன்னா உள்ளே வந்து மடக்கறேன்."

கங்காணி கண்ணை மூடிக்கொண்டார். முற்றத்து ஓரத்தில் கூடையோடு நின்ற நாலு பெண்கள் அசையவில்லை. துரை என்னையும் என் சேற்று வேட்டியையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"பங்குக்காரன்?" என்றார்.

"ஆமாம். கும்பகோணம்."

துரை திரும்பி, "கறுப்பையா! கதிரை கொண்டு வா!" என்று கத்தினார். கறுப்பையா ஓடிப்போய் ஒரு கதிரையைத் தூக்கிவந்து, தன் தோள் துண்டை உதறி அதைத் துடைத்து வராந்தாவில் போட்டார். நான் ஏறிக் குடையை மடக்கினேன். உட்கார்ந்தேன். கறுப்பையா மறுபடி இறங்கி மழையில் போய் நின்றுகொண்டார்.

துரை சவரிமுத்துவின் கடிதத்தைப் படித்தார். பழைய பத்திரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது என்ன?"

"கும்பிட்டோம்."

"கம்பெனியைக் கும்பிட்டான்?"

"கும்பிட்டோம்" என்றேன் மறுபடியும், அந்த 'டான்' எனக்குப் பிடிக்காததால்.

துரையின் மீசை ஆடியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "தினம் முந்நூறு பேர் எனக்குச் சலாம் போடறான். கம்பெனிக்குச் சலாம் போட்டது நீ... நீங்க ஒரு ஆள்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். தேநீர் வந்தது. என் கம்பெனியின் தேயிலையை அன்றுதான் முதல்முதலாகக் குடித்தேன். நன்றாக இருந்தது. இதைக் கும்பகோணத்தில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

பஸ் வரைக்கும் கறுப்பையா கூடவே வந்தார். கடைசியில், "ஐயா, இந்தப் பங்கு யாரு வேணும்னாலும் வாங்கலாமுங்களா?" என்றார்.

"யார் வேணும்னாலும் வாங்கலாம்."

"நாங்களும்?"

"நீங்களும்தான்."

"ஒண்ணு என்ன வெலை?"

சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஒரு மாசத்துக் கூலிக்குமேல் போயிற்று போல; பாதியில் விட்டுவிட்டுச் சிரித்தார். "ஒண்ணே ஒண்ணு வாங்குனா கதிரை போடுவாங்களா ஐயா?"

நான் சட்டென்று பஸ் ஏறிக்கொண்டேன். வழி முழுக்க என் கடையின் பின்பக்க ஜன்னலும் வீரனின் தம்ளரும்தான் கண்ணில் நின்றன. வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்குக் கூட்டம் என்றால் சரியாக இராகு காலம். ஆடி வெள்ளி வேறு. வீட்டு லட்சுமியை விற்கிற நாளா இது? சின்னத்தம்பியிடம் சொன்னேன். "இராகு காலம் விக்கிறவனுக்கும் வாங்கிறவனுக்கும் ஒண்டுதானே? வாங்கோ" என்று இழுத்துப் போனார்.

கொழும்பில் நடப்பது பெரிய சந்தையாம். கண்டியில் ஒரு மாடி அறை, நீள மேசை, சுற்றி ஏழெட்டுத் தரகர்கள், சுவரோரம் எங்களைப் போன்றவர்களுக்கு பெஞ்சு. மேசை முனையில் இருப்பவர் பட்டியலிலிருந்து ஒவ்வொரு கம்பெனியாகப் பெயர் வாசிப்பார். வாங்க வந்தவர் தன் விலையைச் சொல்ல, விற்க வந்தவர் தன் விலையைச் சொல்ல, இருவரும் ஏறி இறங்கி ஒரு புள்ளியில் வந்து நின்றால் முடிந்தது, சீட்டில் எழுதிக்கொள்வார்கள். யாரும் வாய் திறக்காவிட்டால் அடுத்த பெயர். போனது போனதுதான்.

எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. இங்கே எல்லாம் வெட்டவெளியில், உரக்க. "எங்க ஊர் வழிதான் கெட்டி" என்று முந்தின நாள் ராத்திரி சின்னத்தம்பியிடம் பெருமை பேசியிருந்தேன். ஆனால் ஒன்று, ஆயிரக்கணக்கில் வெறும் வாய்ச்சொல்லிலேயே கைமாறுகிறது. அச்சாரம் கிடையாது, சாட்சி கிடையாது. சொன்ன விலையிலிருந்து பின்வாங்கினவனை அடுத்த வெள்ளிக்கிழமை அந்த மேசையில் சேர்க்கமாட்டார்களாம்.

ரப்பர் கம்பெனிகள் முடிந்தன. எங்கள் பெயரை வாசித்தார்கள்.

"பதினாறரைக்கு விக்கிறன், இருநூறு" என்றார் சின்னத்தம்பி.

எதிரில் இருந்த தரகர், "பதினாலு" என்றார்.

"பதினாறேகால்."

"பதினாலரை."

"பதினாறு."

"பதினைந்து" என்றார் எதிராளி, கையைக் கட்டிக்கொண்டார்.

"பதினைஞ்சே முக்கால்" என்றார் சின்னத்தம்பி. எதிராளி அசையவில்லை. "பதினைஞ்சரை." அசைவே இல்லை. ஏதோ சுவரோடு பேசுகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் அவருக்குப் பின்னால் பெஞ்சில் இருந்த தொப்பியைக் கவனித்தேன். காசிம் நானா! என்னைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார்.

பட்டியல்காரர் அடுத்த பெயருக்கு விரலை நகர்த்தினார். சின்னத்தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். கால் ரூபாய் கூடுதலுக்கு ஆசைப்பட்டால் ஆவணி போய்விடும். பலமாகத் தலையை ஆட்டினேன்.

"பதினைஞ்சு, குடுத்தாச்சு!"

முடிந்தது. கட்டிடம் என்னுடையது. பெஞ்சிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

மாடிப்படியில் சின்னத்தம்பி பிடித்துக்கொண்டார். "அந்தாள் பதினைஞ்சிலை ஆணி அடிச்ச மாதிரி நிண்டது ஏன்? நீங்கள் விலையைச் சொன்னனீங்களோ?"

"பஸ்ஸில்... பேச்சுவாக்கில்..."

"துண்டுக்குக் கீழை விலை பேசிற ஊர் எண்டு சொன்னியள்! பஸ்ஸிலை அந்தத் துண்டை எங்கை விட்டனீங்கள்?"

அதற்குள் காசிம் நானாவே வந்துவிட்டார். "கோவிச்சுக்காதீங்க ஐயா. பதினஞ்சு கிடைச்சா கட்டடம் எண்டு நீங்கதானே சொன்னீங்க. அதுக்குக் குறைச்சுக் கேக்க எனக்கு மனசு வரல்ல. கூட்டிக் கேக்க எனக்கென்ன பைத்தியமா?"

இப்படிச் சொல்கிற மனிதரிடம் எப்படிக் கோபிப்பது? மூன்று பேரும் சிரித்துக்கொண்டே போய், கித்துள் பனைக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தோம். நானாதான் காசு கொடுத்தார். அன்று மத்தியானம் சவரிமுத்து வீட்டில் சாப்பாடு; வெள்ளிக்கிழமை அவர்கள் இறைச்சி தொடுவதில்லையாம், அதனால் தைரியமாக உட்காருங்கள் என்றார். அவர் மனைவி எனக்கென்று மீனையும் விலக்கிப் பலாக்கொட்டைக் கறி வைத்திருந்தார். இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஏரிக்கரையில் பெரஹெராவுக்குக் கொண்டுவந்த யானைகளைக் குளிப்பாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கோயில் யானைக்கு இருக்கிற அதே அலட்சியப் பார்வை. அன்றைக்கே ரயில் ஏறினேன்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கிரயம் ஆயிற்று. பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வள்ளியம்மை மஞ்சள் குங்குமத் தட்டோடு நின்றாள். கண்டிக் கதையைக் கேட்டிருந்ததால் கை தயங்கியது.

"வைக்கலாமா?" என்றாள்.

"தாராளமா வை. இதை நாம விக்கப்போறதில்லை."

மறுநாள் காலை கொத்தனாரைக் கூப்பிட்டுப் பின்பக்க ஜன்னலைச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னேன். இனிமேல் யாருடைய நிபந்தனை என்று சொல்வது? கட்டிடக்காரன் நான்தானே. அதைப் பார்த்ததும் நாலு வாடிக்கைக்காரர்கள் தம்ளரை நகர்த்திவிட்டு எழுந்து போனார்கள். அதில் இரண்டு பேர் ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்கள். மற்ற இரண்டு பேர் இன்றுவரை இல்லை.

வீரன் விறகை இறக்கிவிட்டு வழக்கம்போல் சந்துக்குப் போனார். ஜன்னல் இருந்த இடத்தில் ஈரச் சுவர். அப்படியே நின்றார். நான் வாசலுக்கு வந்து கூப்பிட்டேன். படியேறவில்லை. கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து, தோள் துண்டால் பெஞ்சைத் துடைத்து, "உக்காருங்க" என்றேன்.

நுனியில் உட்கார்ந்தார். மற்றவர்கள் குடிக்கும் தம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாக, பாதிவரை குடித்தார். பிறகு தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றார்.

"சொல்லுங்க."

"காபியில சக்கரை ஜாஸ்திங்க. ரொம்ப வருஷமாவே ஜாஸ்தி."